பத்தொன்பதாவது பத்தியில் என்னைப் பற்றி

உட்காருங்கள் சார், தாராளமாக உட்காருங்கள். பையை மடியில் வைத்துக்கொள்கிறேன். கனமெல்லாம் இல்லை. பதினாலு பக்கக் காகிதம், ஒரு தண்ணீர் பாட்டில், அவ்வளவுதான். திருநெல்வேலி பஸ் ஸ்டாண்ட் வரைக்குமா? நான் அதற்கு முந்தி, கோர்ட் ஸ்டாப்பில் இறங்கவேண்டும். பதினொரு மணிக்குக் கூப்பிடுவார்கள். நிறைய நேரம் கிடக்கிறது.

சட்டைப் பையில் சிவப்பு மைப் பேனா வைத்திருக்கிறீர்களே, வாத்தியாரா? நினைத்தேன். என்ன பாடம்? இங்கிலீஷா! அடடா. நான் ஒரு வார்த்தை கேட்கிறேன், தப்பாக நினைக்கக்கூடாது. மல்டிலோக்வென்ட். கேள்விப்பட்டிருக்கிறீர்களா?

இல்லை. சரி, விடுங்கள், இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. எங்கள் ஊரில் ஒரு புரொபசரிடம் கேட்டேன், அவருக்கும் தெரியவில்லை. ஒரு டாக்டரிடம் கேட்டேன், "யாருக்கு வந்திருக்கு?" என்று கேட்டார். எனக்குத்தான் சார் வந்திருக்கிறது. அரசாங்கத் தாளில், முத்திரை வைத்து, பத்தொன்பதாவது பத்தியில் என்னைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். சாட்சி தெய்வநாயகம் மல்டிலோக்வென்ட். தெய்வநாயகம் என்பது நான். ஒருவனைத் திட்டுவதென்றால் அவனுக்குத் தெரிந்த வார்த்தையில் திட்டவேண்டுமா இல்லையா? பதிலுக்கு நாலு வார்த்தை சொல்லவாவது வழி இருக்கும்.

நான் பத்தாவது ஃபெயில். ஆனால் இங்கிலீஷ் படிப்பேன். தினமும் ஒரு வார்த்தை என்று டிக்‌ஷ்னரியைப் பார்த்துப் படித்தது. வார்த்தை, அதன் அர்த்தம், பிறகு அதை வைத்து நானாகவே மூன்று வாக்கியம். மூன்று வாக்கியம் அமைத்தால்தான் வார்த்தை நம்முடையது ஆகும். இருபத்திரண்டு வருஷம் ஐஸ் ஃபேக்டரியில் நைட் ஷிப்ட் ஆபரேட்டர். வேறென்ன செய்வது? மிஷினைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதுதான் வேலை. கண் மூடிவிடக்கூடாது, அதுதான் கஷ்டம்.

ஐஸ் ஃபேக்டரி பார்த்திருக்கிறீர்களா? துறைமுகத்தில் போட்டில் பிடிக்கிற மீன் கெடாமல் இருக்க ஐஸ் கட்டி வேண்டும். தகர டின்களில் தண்ணீர் பிடித்து உப்புத் தண்ணீர்த் தொட்டியில் வரிசையாக இறக்கி வைப்பார்கள். அந்த உப்புத் தண்ணீரைக் குளிர வைப்பது அமோனியா வாயு. வாயுவை ஓட்டுகிற கம்ப்ரஸர் ஓர் அறையில். அங்கே நான். தொட்டி பக்கத்து ஹாலில். அங்கே டின் தூக்கிப் போடுகிற ஆள். நடுவில் சுவர். சுவரில் ஒரு ஓட்டை, முன்காலத்தில் பெல்ட் போன வழி, ஒரு தலை நுழைகிற அளவு. அதன் வழியாக நாங்கள் பேசிக்கொண்டே இருப்போம். பேசியே ஆகவேண்டும் சார், அது அங்கே உள்ள வழக்கம். ஒருத்தன் பேசவேண்டும், மற்றவன் 'ம்' கொட்டவேண்டும். பேச்சு கேட்கிறதென்றால் ஆபரேட்டர் விழித்திருக்கிறான். 'ம்' கேட்கிறதென்றால் தொட்டிக்காரன் விழித்திருக்கிறான், உயிரோடு இருக்கிறான். எந்த மிஷினும் கண்டுபிடிக்காததை இந்த 'ம்' கண்டுபிடிக்கும்.

ஆக, நான் பேசுகிறவன் ஆனது என் குணத்தால் அல்ல, வேலையால். இதைத்தான் என்னைப் பற்றி அப்படி எழுதின விசாரணை அதிகாரியிடம் முதல் அரைமணி நேரம் விளக்கினேன். எழுதிக்கொண்டாரா? இல்லை.

தொட்டியில் ஏழு வருஷமாக இருந்தவன் கஸ்பார். கடற்கரைத் தெருப் பையன், பையன் என்ன, நாற்பது வயது இருக்கும். போட்டில் போய் முதுகு உடைந்து இங்கே வந்தவன். பேசவே மாட்டான். 'ம்' கொட்டுவதில் அவனைப்போல் ஒருத்தனை நான் பார்த்ததில்லை. சந்தேகத்துக்கு ஒரு 'ம்', ஆச்சரியத்துக்கு ஒரு 'ம்', நான் அளந்துவிடுகிறேன் என்று தெரிந்தால் மூக்கால் ஒரு 'ம்'. என்றைக்காவது கிண்டலாக ஒன்று சொல்வான். "அண்ணாச்சி, நீங்க செத்தா உங்க வாயைத் தனியா அடிச்சுக் கொல்லணும்." சொல்லிவிட்டு டின்னைத் தூக்கப் போய்விடுவான். எனக்குக் கோபமே வராது. அவன் ஒருத்தன்தான் சார் நான் சொல்கிற வாக்கியங்களைக் கடைசி வரை கேட்டவன். வீட்டில் சொர்ணம் இருக்கிறாள், என் சம்சாரம். இருபத்தைந்து வருஷத்தில் என்னிடம் ஒரு வார்த்தைக்காவது அர்த்தம் கேட்டதுண்டா?

செத்துப்போனான். போன வருஷத்துக்கு முந்தின மாசி மாதம். விடிகிற நேரம், ஐந்தே முக்கால். பைப் ஜாயின்ட் விட்டு, வாயு ஹாலில் இறங்கிவிட்டது. அந்த ஜாயின்ட் கசிகிறது என்று நான் ரிஜிஸ்டரில் நாலு தடவை எழுதி வைத்திருந்தேன். நல்ல இங்கிலீஷில் எழுதியிருந்தேன். அதனால்தான் யாரும் படிக்கவில்லையோ என்னவோ.

கம்பெனி என்ன சொன்னது தெரியுமா? கஸ்பார் குடித்துவிட்டுத் தூங்கினான், தூக்கக் கலக்கத்தில் கைபட்டு ஜாயின்ட் விட்டுவிட்டது, அவன் சாவுக்கு அவனே காரணம் என்றது. ஹாலில் ஒரு பாட்டில்கூடக் கிடந்ததாம். பொய் சார். நாக்கில் நனைத்தவன் இல்லை அவன். விசாரணை வைத்தார்கள். பார்த்த சாட்சி, கேட்ட சாட்சி, எல்லாம் நான் ஒருவன்தான்.

விசாரணை அதிகாரி பெரிய மனுஷர். ரிடையர் ஆக இரண்டு மாதமோ மூன்று மாதமோ. வெள்ளைக் கைக்குட்டையை நாலாக மடித்து மேஜையில் வைத்திருப்பார். மரியாதையாக "சொல்லுங்கள் தெய்வநாயகம்" என்றார். இருபத்திரண்டு வருஷத்தில் நாற்காலி போட்டு என்னை யாரும் "சொல்லுங்கள்" என்றதில்லை. சொன்னேன். மூன்று மணி நாற்பது நிமிஷம் சொன்னேன். ஃபேக்டரிக்குக் கிணறு வெட்டின கதை, பழைய முதலாளி, அமோனியாவின் குணம், ஜெர்மனிக்காரன் மிஷினுக்கும் நம் ஊர் மிஷினுக்கும் உள்ள வித்தியாசம். டைப் அடிக்கிற பெண் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அவர் இரண்டு டீ குடித்தார். "அவர் விழித்திருந்தாரா?" என்று கேட்டார். விழிப்பு என்றால் என்ன, நைட் ஷிப்ட் ஆளுக்கு விழிப்பிலேயே எத்தனை வகை உண்டு என்று விளக்கினேன். "ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டார். கஸ்பார் பொதுவாகவே எதுவும் சொல்லாத ஆள் என்பதை உதாரணங்களோடு சொன்னேன். ஒரு பொய் சொல்லவில்லை சார். மூன்று மணி நாற்பது நிமிஷத்தில் ஒரு பொய் கிடையாது. யார் செய்வார்கள்?

தீர்ப்பு கம்பெனி பக்கம். குடித்தது, தூங்கியது, எல்லாம் அப்படியே நின்றுவிட்டது. சாட்சி மல்டிலோக்வென்ட் ஆனதால் அவர் கூற்றிலிருந்து எதையும் எடுத்துக்கொள்ள இயலவில்லை என்று பத்தொன்பதாவது பத்தி.

என் டிக்‌ஷ்னரியில் அந்த வார்த்தை இல்லை. நூலகத்தில் தலையணை தண்டிக்கு ஒன்று இருக்கிறது, அங்கே இருக்கிறவன் பீரோவைத் திறந்து கொடுக்கமாட்டேன் என்றான். மூன்று நாள் நடந்து வாங்கிப் பார்த்தேன். இருந்தது. லத்தீன். மல்டி என்றால் பல, லோக்வி என்றால் பேசுவது. அதிகமாகப் பேசுகிற, அவ்வளவுதான் அர்த்தம். பக்கத்திலேயே, அபூர்வ வழக்கு என்று சாய்ந்த எழுத்தில் போட்டிருந்தது. யாரும் தொடாமல் கிடந்த வார்த்தையை எனக்கென்று தூசி தட்டி எடுத்திருக்கிறார் மனுஷர்.

சொர்ணத்திடம் சொன்னேன். "இதைச் சொல்லவா ஒரு ஆபீசர் வேணும்?" என்றாள்.

அவளுக்குப் புரியவில்லை. நீங்கள் வாத்தியார், உங்களுக்குப் புரியும். தமிழில் வாயாடி என்கிறோம், தொணதொணப்பு என்கிறோம், அலப்பல் என்கிறோம். எல்லாவற்றிலும் ஓர் இளக்காரம் இருக்கிறது. அந்த லத்தீன் வார்த்தையில் அது இல்லை. அளவு மட்டும்தான் இருக்கிறது. நிறையப் பேசுகிறவன் என்று இருக்கிறதே தவிர, பொய் பேசுகிறவன் என்று இருக்கிறதா? உளறுகிறவன் என்று இருக்கிறதா? அப்படியென்றால் எதற்காக என் சாட்சியத்தைத் தள்ளினார்? வார்த்தையைத் தப்பாக உபயோகித்திருக்கிறார். அதைத்தான் பதினாலு பக்கம் எழுதியிருக்கிறேன். அந்த வார்த்தையை நீக்கவேண்டும் என்று மனு. மூன்று வாக்கியம் அமைத்துக் காட்டியிருக்கிறேன். ஒன்று, கடல் மல்டிலோக்வென்ட். இரண்டு, என் மனைவி மல்டிலோக்வென்ட் அல்ல. மூன்றாவதுதான் சரியாக வரமாட்டேன் என்கிறது. நீங்கள் ஒன்று சொல்லுங்களேன்.

இன்றைக்குக் கோர்ட்டா? அது என் மனுவுக்கு இல்லை. கஸ்பார் பெண்டாட்டி மேல்முறையீடு போட்டிருக்கிறாள். அமலோற்பவம். அதற்கு என்னைக் கூப்பிட்டிருக்கிறார்கள். போகிற போக்கில் என் மனுவையும் கொடுத்துவிடலாம் என்று.

மெதுவாகப் பேசுகிறேன். அவளும் இந்த பஸ்ஸில்தான் இருக்கிறாள். முன்னால், கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு, பச்சைச் சேலை. தூங்குகிறாள். மீன் கம்பெனியில் இறால் உரிக்கிற வேலை, விடிய விடிய நிற்கவேண்டும். பாவம். அவளுக்கு நஷ்டஈடுகூட இரண்டாம்பட்சம் என்று நினைக்கிறேன். தெருவில் "குடிச்சுட்டுச் செத்தவன் பொண்டாட்டி" என்கிறார்களாம். பெரிய மகளைப் பெண் பார்த்துவிட்டுப் போனவர்கள் அந்தத் தீர்ப்பைக் கேள்விப்பட்டுத் திரும்பி வரவில்லையாம். போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வீட்டுக்கு வந்தாள், வக்கீலம்மாவோடு. உட்காரக்கூட இல்லை.

"அண்ணாச்சி, நீங்க நிறையச் சொல்ல வேண்டாம். ரெண்டே ரெண்டு கேள்வி. அவுக முழிச்சிருந்தாகளா? வாடை வருதுன்னு உங்ககிட்டச் சொன்னாகளா? ஆமாவா இல்லையா, அதைச் சொன்னாப் போதும்" என்றாள்.

நான் உள்ளே போய் மனுவை எடுத்துவந்து இரண்டாவது பக்கத்தைப் படித்துக் காட்ட ஆரம்பித்தேன். திரும்பிப் பார்க்கிறேன், வாசலில் சொர்ணம் மட்டும் நிற்கிறாள்.

இரண்டு கேள்விக்கும் எனக்குப் பதில் தெரியும் சார். ஆமாம், ஆமாம். சொல்ல எவ்வளவு நேரம்? ஆனால் கோர்ட்டில் இரண்டு பக்கமும் வக்கீல் உண்டு. இவள் வக்கீல் இரண்டு கேட்டால், கம்பெனி வக்கீல் மூன்றாவதாக ஒன்று கேட்பான். இவர்கள் அதை யோசித்தே பார்க்கவில்லை.

கம்பெனிக்காரர்களைப் பற்றி நான் குறையாக ஒன்றும் சொல்லமாட்டேன். விசாரணை முடிந்த மறுவாரமே என்னைப் பகல் ஷிப்டுக்கு மாற்றினார்கள். கேட் பக்கத்தில் மேஜை, நாற்காலி, ஃபேன். "உங்க அனுபவத்துக்கு இதுதான் மரியாதை" என்றார் மேனேஜர். அவருக்கு என்னமோ என்னைப் பிடித்துப்போயிற்று. ஆனால் பகலில் பேச ஆளில்லை. லாரிக்காரன் சீட்டை நீட்டுகிறான், வாங்கிக்கொண்டு போகிறான். ராத்திரி வீட்டில் படுத்தால் தூக்கம் வருவதில்லை. விட்டத்தைப் பார்த்துக்கொண்டு நானே சொல்லி நானே கேட்டுக்கொண்டு கிடக்கிறேன்.

எதற்கு நிறுத்துகிறான்? ஓ, ரயில் கேட். நல்லது, இஞ்ஜினை அணைத்துவிட்டான், இரைச்சல் இல்லை. சார், ஓர் உதவி செய்கிறீர்களா? ஒத்திகை மாதிரி. நீங்கள் அந்த வக்கீல் என்று வைத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேளுங்கள். முதல் இரண்டு எனக்குச் சுலபம். மூன்றாவதைக் கேளுங்கள். "வாடை வருது என்று அவர் சொன்னபோது நீங்கள் என்ன செய்தீர்கள்?" அப்படிக் கேளுங்கள். கொஞ்சம் மிரட்டலாகக் கேட்டாலும் பரவாயில்லை.

ம். அதாவது, ஐயா, அமோனியா வாடை என்பது ஐஸ் ஃபேக்டரியில் எப்போதும் கொஞ்சம் இருக்கும். சட்டையில் இருக்கும், சோற்றில் இருக்கும், சொர்ணம்கூட... என்ன சார் கையைக் காட்டுகிறீர்கள்? கேட்டதற்கு மட்டுமா? அதற்குத்தான் வருகிறேன். அங்கே ஒரு விதி உண்டு. வாடை என்ற சொல் காதில் விழுந்தால் ஆபரேட்டர் ஏன், எங்கே என்று கேட்கக்கூடாது. எழுந்துபோய் மெயின் வால்வை மூடவேண்டும். முதலில் மூடு, பிறகு கேள். என் நாற்காலியிலிருந்து வால்வுக்கு எட்டே அடி எடுத்து வைத்தால் போதும். நான் சேர்ந்த முதல் நாளே எண்ணி வைத்திருக்கிறேன்.

அன்றைக்கு வார்த்தை ஆல்பீட். உங்களுக்குத் தெரியும், சின்ன வார்த்தைதான், ஆனால் தமிழில் சொல்வது கஷ்டம். 'ஆனாலும்' என்றால் போதாது, 'என்றாலும்' என்றால் கொஞ்சம் கூடிப்போகிறது. கஸ்பாருக்கு அதை விளங்கவைக்க இரண்டு வாக்கியம் சொல்லி முடித்திருந்தேன். இரண்டுக்கும் 'ம்' வந்தது, மூக்கால் வருகிற 'ம்'. மூன்றாவதற்கு நல்ல வாக்கியம் ஒன்று மனசில் இருந்தது. அப்போது அவன் சொன்னான்.

"அண்ணாச்சி, வாடை வருது."

கேட்டது சார். தெளிவாகக் கேட்டது. ஏழு வருஷத்தில் அவன் என் பேச்சுக்கு நடுவில் பேசினதில்லை. எனக்குக் கொஞ்சம் சுருக்கென்று இருந்தது, உண்மையைச் சொல்கிறேன்.

"பொறுல, ஒரு வாக்கியம்தான் பாக்கி" என்றேன்.

அவன் 'ம்' என்றான்.

அந்த 'ம்'மைத்தான் என்னால்... கோபமில்லாத 'ம்' சார். அண்ணாச்சி எப்படியும் எழுந்துபோய் மூடிவிடுவார் என்று நினைத்திருப்பான். இல்லையென்றால் ஓடியிருப்பான், கதவு அப்போது திறந்துதான் இருந்தது. தூக்கின டின்னை அவசரப்படாமல் இறக்கி வைத்திருக்கிறான், பின்னால் போய்ப் பார்த்தோம், நேராக இருந்தது. நான் என் வாக்கியத்தைச் சொன்னேன். அவன் ஏழை, ஆல்பீட் நேர்மையானவன். சொல்லிவிட்டு 'ம்' வரும் என்று ஓட்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை. பிடிக்கவில்லையோ என்று நினைத்து மறுபடியும் ஒரு தடவை சொன்னேன். நிறுத்தி, விளக்கமாக. அதற்குப் பிறகுதான் என் கண்ணே எரிந்தது.

ஒரு வாக்கியம் எவ்வளவு நேரம் சார்? நீங்கள் வாத்தியார், நீங்கள் சொல்லுங்கள். எண்ணிப் பார்த்தால் ஏழெட்டு விநாடிகூட வராது. இரண்டு தடவை சொன்னதையும் சேர்த்து, நடுவில் காத்திருந்ததையும் சேர்த்து...

சரி. ஒத்திகை போதும். பார்த்தீர்களா, சொல்ல வருகிறது. ஆனால் அங்கே இதைச் சொல்ல முடியாது, உங்களுக்கே தெரியும். சொன்னால் கஸ்பார் நல்லவன் ஆகிவிடுவான், சந்தோஷம், நான்? அதற்காகப் பொய்யும் சொல்லமாட்டேன். கேட்டதற்குப் பதில் சொல்வேன், விளக்கமாகச் சொல்வேன், ஆரம்பத்திலிருந்து சொல்வேன். யாருக்கு எது வேண்டுமோ அதை எடுத்துக்கொள்ளட்டும். இந்தப் பதினாலு பக்கத்தில் அது இல்லை, நீங்கள் தேடவேண்டாம். ஸ்பெல்லிங் மட்டும் பாருங்கள் போதும்.

கேட் திறந்துவிட்டான். ஏன் சார் முகம் இப்படி ஆகிவிட்டது? தண்ணீர் குடிக்கிறீர்களா? பேசுங்கள், இவ்வளவு நேரம் நானே பேசிவிட்டேன். உங்கள் பள்ளிக்கூடத்தில் கிராமர் இப்போது சொல்லிக்கொடுக்கிறார்களா, இல்லை அதையும் எடுத்துவிட்டார்களா?

என் குரலா? பெரிய குரல்தான் சார். கம்ப்ரஸர் இரைச்சலில் பேசிப் பழகினது. அதனால்தான் உங்களிடம் ரகசியமாகப் பேசினேன்.

கோர்ட் ஸ்டாப் வந்துவிட்டது. அமலோற்பவம் எழுந்துவிட்டாள். நல்ல தூக்கம் போலிருக்கிறது, கண்ணெல்லாம் சிவந்து கிடக்கிறது. முன்வாசல் பக்கத்தில் இருக்கும்போது இங்கே எதற்கு வருகிறாள்? இதோ வருகிறேன்ம்மா, நீ இறங்கு. பதினொரு மணிக்குத்தானே.

என்ன? சாரிடமா? சாரை உனக்குத் தெரியுமா?

"சார், முழுசும் கேட்டுது. பஸ்ஸு நின்னதுல எல்லாருக்கும் கேட்டுது. நீங்க பக்கத்துல இருந்து கேட்டீங்க. கூட வந்து சொல்லுவீங்களா? வக்கீலம்மா வாசல்ல நிக்காக."

அமலோற்பவம், சார் வெளியூர்க்காரர், அவருக்கு இதில் ஒன்றும் தெரியாது. அவரைக் கையெடுத்துக் கும்பிடுகிறாயே, என்னம்மா இது, பஸ்ஸில் எல்லாரும் பார்க்கிறார்கள்.

சார், நீங்கள் எதற்கு எழுந்திருக்கிறீர்கள்? உங்கள் டிக்கெட் பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் இருக்கிறது. உங்களுக்குப் பள்ளிக்கூடத்துக்கு நேரமாகவில்லையா? உட்காருங்கள் சார். கண்டக்டர், ஒரு நிமிஷம் விசில் கொடுக்காதீர்கள். நான் என்ன சொல்லிவிட்டேன் உங்களிடம்? பஸ்ஸில் சும்மா பேசிக்கொண்டு வந்தது. ஒத்திகை சார் அது, நீங்களே சாட்சி, ஒத்திகை என்று சொல்லிவிட்டுத்தானே சொன்னேன். நான் பேசுகிறதையெல்லாம் நம்பலாமா? இதோ நகல் இருக்கிறது, பாருங்கள், பத்தொன்பதாவது பத்தி, முத்திரையோடு இருக்கிறது, பெரிய அதிகாரி, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எழுதினது. என் கூற்றிலிருந்து எதையும் எடுத்துக்கொள்ளக்கூடாது. நான் மல்டிலோக்வென்ட் சார். சார். மல்டிலோக்வென்ட்.